மெய்யப்ப மூப்பரும் எங்கள் பிரீசரும்

லண்டனில், வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே இறங்கிய பிறகும் தெருவில் விரும்பி நடமாடுகிற உயிரினங்கள் மூன்று: நரி, பார்சல் கொண்டுவருகிறவர், மூப்பர். நரியைப் பற்றிக் கவுன்சிலுக்கு எழுதலாம். பார்சல்காரர் நின்று பேச மாட்டார். ஆகவே இன்றைக்கு நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போவது மூன்றாவது இனத்தை.

மூப்பர் என்றதும் நரைத்த தாடியும் கைத்தடியும் உங்கள் மனதில் வந்திருக்கும். அழித்துவிடுங்கள். இந்த மூப்பருக்கு வயது இருபது. தாடி வைக்க அனுமதி இல்லை. அனுமதித்தாலும் வளருமா என்பது சந்தேகம். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, வழித்த முகம், நெஞ்சில் ஒரு கறுப்புப் பெயர்த்தகடு, அந்தத் தகட்டில் பெயருக்கு முன்னால் ‘எல்டர்’ என்ற பட்டம். மோர்மன் சபைப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு வீட்டை விட்டு, படிப்பை விட்டு, காதலி இருந்தால் அவளையும் விட்டு, இரண்டு வருடம் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் கதவு தட்டப் புறப்படுகிறார்கள். எந்த மூலை என்பதை அவர்கள் தெரிவு செய்வதில்லை, சொல்லி அனுப்புவார்கள். தென்னை மரமும் கடற்கரையுமாக ஒரு தீவு கிடைத்தவனும் உண்டு. எங்கள் மூப்பர்களுக்குக் கிடைத்தது லண்டன், அதிலும் குட்மேய்ஸ், அதிலும் பெப்ரவரி.

எங்கள் முன்வீட்டுப் பஸ்தியாம்பிள்ளை அண்ணைக்கு அந்தப் பட்டத்திலேயே ஆட்சேபம். அவர் மன்னார்க் கத்தோலிக்கர். ஊர்க் கோவிலில் மூப்பராக இருந்தவரின் மகன்.

“மூப்பர் எண்டால் அறுபது வயசாகோணும், பேரப்பிள்ளை கண்டிருக்கோணும், நாலு பெருநாளை முன்னுக்கு நிண்டு நடத்தியிருக்கோணும்,” என்றார். “உவனுக்கு இன்னும் முகத்திலை பரு போகேல்லை. உவன் என்ன மூப்பன்?”

என்னையும் சொல்லிவிடுகிறேன். பெயர் கமலநாதன். ஒரு கவுன்சிலில், கார் நிறுத்த அனுமதி கொடுக்கிற பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். கொடுக்கிற பிரிவு என்பது ஒரு பேச்சுக்கு. மறுக்கிற பிரிவு என்பதே சரி. ‘முடியாது’ என்பதை ஆங்கிலத்தில் எட்டு விதமாக எழுத எனக்குத் தெரியும். தமிழில் ஒரு விதமாகக்கூடச் சொல்லத் தெரியாது. என் மனைவி வாணிக்கும் தெரியாது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. மூப்பர் இனம் எங்கள் பக்கம் செழித்து வளர்ந்ததற்கு இதுதான் காரணம்.

எங்கள் வாசலில் கமெரா வைத்த மணி இருக்கிறது. யாராவது படியில் கால் வைத்தால் என் போனில் படம் வந்துவிடும். அந்தக் கருவியின் புண்ணியத்தில் மூப்பர்களின் அந்தரங்க வாழ்க்கையை நான் நன்றாக ஆராய்ந்திருக்கிறேன். மணியை அழுத்துவதற்கு முன் முதலில் மூக்கைத் துடைப்பார்கள். பிறகு தொப்பியையும் கையுறையையும் கழற்றிப் பையில் திணித்துவிட்டு, இரண்டு கன்னங்களையும் உள்ளங்கையால் பரபரவென்று தேய்ப்பார்கள். விறைத்துப்போன முகத்தில் சிரிப்பு சரியாக உட்காராதாம். பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துச் சரிபார்ப்பார்கள். இடது பக்கம் கொஞ்சம் குறைகிறது என்று ஒருவர் சைகை காட்டுவார், மற்றவர் திருத்திக்கொள்வார். அதன் பிறகுதான் மணி. அழுத்தியதும் இரண்டு அடி பின்னால் போய் நிற்பார்கள். கதவைத் திறக்கிறவர் பயந்துவிடக் கூடாதல்லவா? கதவு திறக்கும்வரை அந்தச் சிரிப்பு அப்படியே நிற்கும். ஒரு நாள் வேண்டுமென்றே நான்கு நிமிடம் எடுத்துப் பார்த்தேன். சிரிப்பு அசையவில்லை. நிறம் மட்டும் கொஞ்சம் நீலமாகியது.

எங்கள் தெருவுக்கு வாய்த்த சோடியில் ஒருவர் எல்டர் ஓல்சன். அமெரிக்காவில் ஐடஹோ என்ற இடத்து உருளைக்கிழங்குத் தோட்டக்காரரின் மகன். ஆறடி நான்கு அங்குலம்; எங்கள் வீட்டு நடை ஓடையில் தொங்கும் விளக்கோடு மூன்று தடவை மோதியவர். மற்றவன் எல்டர் மெய்யப்பன், மலேசியாவில் கிள்ளானைச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளை, ஓல்சனின் நெஞ்சளவு உயரம். ஓல்சனுக்கு எங்கள் குளிர் ஒரு குளிரே இல்லை. கோட்டுப் பொத்தானைக்கூடப் போட மாட்டார். மெய்யப்பன் லண்டனுக்கு வரும்வரை கண்ட கடுங்குளிர் கிள்ளான் சினிமாக் கொட்டகையின் ஏசி. ஆகவே உள்ளே இரண்டு தேர்மல் உள்ளுடுப்பு, அதற்கு மேல் வெள்ளைச் சட்டை, அதற்கு மேல் சுவெற்றர், அதற்கு மேல் அம்மா ஊரில் தேடி வாங்கிக் கொடுத்த குளிர்கோட்டு. வருடம் முழுக்க வியர்க்கிற ஊரில் விற்கிற குளிர்கோட்டு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நடந்து நடந்து சப்பாத்தின் அடி தேய்ந்து ஈரம் ஏறியபடியால், காலுறைக்கு மேல் பாண் சுற்றி வருகிற பிளாஸ்டிக் பையை மாட்டியிருப்பான். நடக்கும்போது சரசரவென்று ஒரு சத்தம் கேட்கும். அவர்கள் மணியடிக்க முதலே வாணி அந்தச் சத்தத்தைக் கேட்டு எழும்பிவிடுவாள்.

இவர்கள் எப்போதும் இரண்டிரண்டு பேராகத்தான் திரிய வேண்டும் என்பது சட்டம். ஒருவர் மற்றவரின் கண்ணுக்குத் தப்பக் கூடாது. ஓல்சன் குளியலறைக்குப் போனால் மெய்யப்பன் ஓடையில் வந்து நிற்பான். மெய்யப்பன் குப்பை போடப் போனால் ஓல்சன் யன்னலால் எட்டிப் பார்ப்பார். வாணி இதைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருஷம். ஒரு நாளெண்டாலும் நீங்கள் இப்பிடி எனக்குப் பின்னாலை வந்திருக்கிறியளே?”

நான் குப்பையைப் போடப் போனேன், தனியாக.

காலை ஆறரைக்கு எழும்ப வேண்டும். பிறகு உடற்பயிற்சி, வேதப்படிப்பு. பத்து மணிக்குத் தெருவில் இறங்கினால் இருட்டி வெகு நேரம்வரை தெருதான். டீவி இல்லை, சினிமா இல்லை, பெண்பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பார்க்க வழியில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க இப்படிக் கழிப்பதற்கு நாங்கள் என்றால் தொழிற்சங்கம் வைப்போம். திங்கட்கிழமை மட்டும் ஓய்வு. அன்றைக்கு உடுப்புத் தோய்த்து, சாமான் வாங்கி, வீட்டாரோடு வீடியோவில் பேசலாம். வாரம் முழுக்க மெய்யப்பன் அந்தத் திங்களுக்காக ஏங்குவான். அந்தத் திங்களை நினைத்துத்தான் பயப்படவும் செய்வான். அது ஏன் என்று வருகிறேன். அதற்கு முன் தேநீர்.

எங்கள் வீட்டுக்குள் கால் வைத்தவர் யாராக இருந்தாலும் தேநீர். கள்ளன் வந்தாலும் வாணி ஒரு கோப்பை கொடுத்துவிட்டுத்தான் பொலிசுக்குப் போன் அடிப்பாள். மூப்பர்களுக்கோ தேநீர் ஆகாது. கோப்பி ஆகாது. மதுவும் புகையிலையும் ஆகாது என்பதை வாணி மெத்தச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். தேநீர் ஆகாது என்பதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

“பாலைக் குறைச்சுப் போடட்டே, தம்பி?”

“இல்ல ஆண்ட்டி, டீயே குடிக்கிறதில்ல.”

“அப்ப பிளேன் ரீ?”

“அதுவும் டீதான் ஆண்ட்டி.”

“இஞ்சி தட்டிப் போட்டு?”

தேவதூதர்களையே மசிய வைக்கிற குரல் அது. மெய்யப்பன் ஓல்சனைப் பார்த்தான். ஓல்சன் கூரையைப் பார்த்தார். நான்காவது வரவில்தான் வாணிக்கு அந்த யோசனை வந்தது. மைலோ! மலேசியாவில் வீட்டுக்கு வீடு இருக்கும் அந்தச் சொக்லேட் மாவின் பச்சை ரின்னைக் கண்டதும் மெய்யப்பனின் முகம் போன போக்கை நான் எப்படிச் சொல்வது? பதினான்கு மாதமாகச் சொந்தக்காரரைக் காணாதவன் விமான நிலையத்தில் ஒருவரைக் கண்டதுபோல எழுந்தே நின்றுவிட்டான். அன்றைக்கு ஆளுக்கு மூன்று கோப்பை. மூன்றாவது கோப்பையில்தான் ஓல்சன் தன் முதல் தமிழ்ச் சொல்லைக் கற்றுக்கொண்டார். “காணும், அன்ரி! காணும்!” போதும் என்பதற்கு எங்கள் சொல். வாணி அதைக் காதில் வாங்கவில்லை.

கதவுகளைப் பற்றி மூப்பர்களிடம் கேளுங்கள், ஆராய்ச்சிப் பட்டம் வாங்கலாம். வெள்ளைக்காரக் கதவு இரண்டு செக்கன்: திறக்கும், ‘நோ, தாங்க்ஸ்’ என்னும், மூடும். தபால் துவாரத்தால் மட்டும் பேசுகிற கதவு உண்டு. உள்ளே டீவியைப் பட்டென்று நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் பதுங்குகிற கதவும் உண்டு. இதெல்லாம் அவர்களுக்குச் சுகம். நடந்துவிடலாம். தமிழ்க் கதவு அப்படியல்ல. அது அகலத் திறக்கும். “வாங்கோ, வாங்கோ, குளிருக்கை நிக்காதேங்கோ” என்னும். சாப்பாடு போடும். கேட்டதற்கெல்லாம் தலையாட்டும். “நல்ல விசயம் தம்பி”, “எல்லாக் கடவுளும் ஒண்டுதானே”, “பாப்பம்”, “கட்டாயம் வாறம்” என்று நான்கு வசனங்களை இந்த ஒழுங்கிலேயே சொல்லி, வாசல்வரை வந்து, கை காட்டி, வழியனுப்பும். ஓல்சன் ஒவ்வொரு தமிழ் வீட்டிலிருந்தும் இறங்கியதும் தன் குறிப்பேட்டில் ‘மிகுந்த ஆர்வம்’ என்று எழுதிக்கொள்வார்.

ஒரு நாள் மெய்யப்பனைத் தனியாகப் பிடித்து, அதாவது ஓல்சன் இரண்டு அடி தள்ளி நிற்கும்போது, கேட்டேன்.

“தம்பி, நீரும் தமிழ்ப் பிள்ளைதானே. எங்கட சனம் வாறம் எண்டு சொன்னால் என்ன எண்டு உமக்குத் தெரியாதே?”

“தெரியும் அங்கிள்,” என்றான். “எங்க ஊர்லயும் அப்படித்தான் லா. ஆனா நூறு பேர் சொல்றாங்கன்னா, அதுல ஒருத்தர் நெசமாவே சொல்லியிருக்கலாம் இல்ல? அவர நான் நம்பாம விட்டுட்டா?”

எட்டு விதமாக மறுப்பு எழுதுகிற நான், வாணியிடம் அவனுக்கு இன்னொரு மைலோ ஊற்றச் சொன்னேன்.

மூப்பர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. அவர்களின் அழிவுக்கு அதுதான் காரணம். விடைபெறும்போது, “ஏதாவது உதவி வேணுமா?” என்று கேட்பார்கள். மற்ற வீடுகளில் இதை மரியாதைக்குக் கேட்கிற கேள்வி என்று எடுத்துக்கொண்டு சிரித்து அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு மற்றவர் சொல்கிற மரியாதை வார்த்தை மட்டும் உடனே உண்மையாகப் படும். மூன்றாம் வீட்டுப் பிறேமினிதான் முதலில் கண்டுபிடித்தாள். “ஓம் தம்பி, லொஃப்ட்டிலை ஒரு கட்டில் கிடக்கு,” என்றாள். இறக்கிக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் தெருவின் வாட்சப் குழுவில் கட்டிலின் படம் வந்துவிட்டது.

அதன் பிறகு குட்மேய்ஸில் ஏற்பட்ட ஆன்மீக எழுச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இருபது வருடமாக அசையாத அலுமாரிகள் அசைந்தன. பழைய மெத்தைகள் குப்பைக் கிடங்கு கண்டன. இருபது கிலோ அரிசிப் பைகள் காரிலிருந்து குசினிக்குத் தாமாக நடந்தன. ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிந்த பிறகு வீட்டுக்காரர் யேசுவைப் பற்றிக் காது கொடுத்துக் கேட்டார்கள். சுமையின் பாரத்துக்குத் தக்கபடி கேட்டார்கள். கதிரைக்கு ஐந்து நிமிடம், சோபாவுக்கு முழுப் பாடம். மூப்பர் பட்டத்தை மறுத்த பஸ்தியாம்பிள்ளை அண்ணையே காற்றில் சரிந்த தன் வேலியைக் கட்டுவித்துவிட்டு, “பரவாயில்லை, ஆணியை நேராய்த்தான் அடிக்கிறாங்கள்,” என்று சான்றிதழ் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் அவர்கள் கொடுத்த நீல அட்டைப் புத்தகத்தை வாணி சாமியறையில் வைத்தாள். வேதப்புத்தகத்தை வேறு எங்கே வைப்பது, செருப்பு றாக்கையிலா? வெள்ளிக்கிழமை எல்லாப் படத்துக்கும் பொட்டு வைக்கும்போது அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு. முருகனுக்கும் துர்க்கைக்கும் நடுவில், முன்னால் ஒரு செவ்வரத்தம்பூவோடு அதைக் கண்ட ஓல்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டில் சத்தியம் குடியேறிவிட்டது என்று நினைத்தார். மெய்யப்பன் பொட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஓல்சன் அதைப் படம் எடுத்துத் தன் அம்மாவுக்கு அனுப்பினார்.

இனித் திங்கட்கிழமைப் பயத்துக்கு வருகிறேன். பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை, வெளியே எல்லாம் உறைந்து கிடக்க, மெய்யப்பன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னான்: அடுத்த புதன்கிழமை அவனை வேறு ஊருக்கு மாற்றுகிறார்கள். பதினான்கு மாதம் லண்டனில் கதவு தட்டியிருக்கிறான். அவன் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? ஒருவருமில்லை. ஒருவர்கூட இல்லை.

“திங்கக்கெழம ஆனா அம்மா கேக்கிறாங்க அங்கிள், யாராச்சும் வந்தாங்களான்னு. அப்பா கேமராவுக்குப் பின்னால எதையோ தேடுற மாதிரி நிப்பாரு. அவரு எங்க சபை இல்ல. ஒருத்தன்கூட வரலன்னா அந்தக் குளிர்ல எதுக்குடா நிக்கிற, வந்து காலேஜ முடின்றாரு. ஞானஸ்நானம்லாம் வேணாம் அங்கிள். யாராச்சும் ஒருத்தர் வந்து, கடைசி வரிசையில ஒரு மணி நேரம் ஒக்காந்துட்டுப் போனா போதும். அம்மாகிட்ட சொல்லிருவேன்.”

வாணி திரும்பிக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து அதற்குள் எதையோ வெகு நேரம் தேடினாள். எனக்கும் நெஞ்சு இளகித்தான் போனது. நான் கல்லில் செய்தவன் இல்லை. ஆனால் குளிர்சாதனப் பெட்டியைக் கண்டதும் எனக்குக் கராஜில் கிடந்த பெரிய பிரீசரின் ஞாபகம் வந்துவிட்டது. அதை எப்படியாவது குசினிக்குப் பக்கத்து அறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு எண்ணமும் ஒரே மனிதனின் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருந்தன. ஒன்றையொன்று தொந்தரவு செய்யவேயில்லை.

சனிக்கிழமை வந்தார்கள். சவப்பெட்டி நீளத்தில் பிரீசர். உள்ளே விளைமீன், பாரை, இறால், போன தைப்பொங்கலுக்கு முந்தின பொங்கலின் ஏதோ ஒன்று. மீனை வெளியே எடுத்தால் இளகிவிடும், அப்படியே தூக்குங்கோ என்றேன். வெளியே மைனஸ் மூன்று. உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் மீனுக்கு ஒன்றுதான் என்று அவர்கள் சொல்லவில்லை. மூப்பர்களுக்கு எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஒரு பக்கம் ஓல்சன் நிமிர்ந்து நிற்க, மறுபக்கம் மெய்யப்பன் கிட்டத்தட்டப் படுத்தபடி, வீட்டோரத்துப் பனிக்கட்டி பிடித்த நடைபாதையால் அங்குலம் அங்குலமாக அதைக் கொண்டுவந்தார்கள். நானும் சும்மா நிற்கவில்லை. ஒரு கையைப் பிரீசரின் மூடியில் வைத்துக்கொண்டு, “மெதுவா, மெதுவா,” என்று சொல்லிக்கொண்டே கூட நடந்தேன்.

எல்லாம் முடிந்து, கைவிரல் சிவந்து, மூச்சு வாங்க நிற்கும்போது மெய்யப்பன் கேட்டான்.

“அங்கிள், நாளைக்குப் பத்து மணிக்கு வருவீங்களா?”

“ஓம் தம்பி. கட்டாயம் வாறன்.”

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெறும் ‘கட்டாயம்’ எனக்கே கொஞ்சம் மெலிவாகப் பட்டது. ஆகவே, “அங்கை பார்க்கிங் எப்பிடி?” என்று கேட்டேன். தொழில் புத்தி! மெய்யப்பனின் முகத்தில் விளக்கு எரிந்தது. பதினான்கு மாதத்தில் அவனிடம் பார்க்கிங் கேட்ட முதல் மனிதன் நான். ஞாயிறு இடம் கிடைப்பது கஷ்டம், பஸ் என்றால் வாசலுக்கு முன்னாலேயே நிற்கும் என்றான். “அப்ப பஸ்ஸிலை வாறன்,” என்றேன். “சப்பாத்துக் கழட்டோணுமே?” என்றும் கேட்டேன். “வேணாம் அங்கிள்!” என்றுவிட்டு அவன் எல்லாவற்றையும் ஓல்சனிடம் ஆங்கிலத்தில் சொல்ல, ஓல்சன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்; தோள்மூட்டு இடம் மாறியது.

அவர்கள் போன பிறகு வாணி கேட்டாள். “என்னத்துக்கு அந்தப் பிள்ளைக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“சும்மா ஒரு மரியாதைக்குத்தானே.”

ஞாயிறு, அவளுடைய நட்சத்திரம். மனோர் பார்க் முருகன் கோவிலில் அர்ச்சனை சொல்லியிருந்தோம். போகிற வழியில்தான் அந்தச் சபைக் கட்டடம் இருக்கிறது. வேறு வழியால் போயிருக்கலாம், மறந்துவிட்டேன். பத்து மணி ஐந்து நிமிடத்துக்குச் சரியாக அதற்கு எதிரே எனக்குச் சிவப்பு விழுந்தது.

மெய்யப்பன் வெளியே நடைபாதையில் நின்றான், ஓல்சன் வாசல் கண்ணாடிக்கு உள்ளே. கோட்டு இல்லை, பெயர்த்தகடு தெரிய வேண்டும் என்று கழற்றியிருப்பான். எங்கள் காரை அவன் பார்க்கவில்லை. அவன் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பஸ் வந்து நின்றது. கன்னத்தை இரண்டு கையாலும் தேய்த்துச் சிரிப்பைச் சரிசெய்துகொண்டு இரண்டு அடி முன்னால் வந்தான். ஒரு கிழவி இறங்கினாள். அவளுடைய தள்ளுவண்டியை இறக்கிக் கொடுத்துவிட்டுப் பழைய இடத்துக்கே போய் நின்றான்.

“நிப்பாட்டுங்கோ,” என்றாள் வாணி.

“பச்சை விழுந்திட்டுது.”

லண்டனில் எனக்கு அவ்வளவு கெதியாக ஒரு நாளும் பச்சை விழுந்ததில்லை. கோவிலில் வாணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஐயர் அவளுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டபோதும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் வேலைக்கு லீவு. பின்னேரம் போன் கிணுகிணுத்தது. கமெராவில் இரண்டு பேர். திங்கட்கிழமை! ஓய்வு நாளில் மூப்பர் கதவு தட்டுவதில்லை. கழுத்துப்பட்டியும் இல்லை; கையில் ஒரு கடைப்பை. சிரிப்பும் இல்லை, அதைச் சரிபார்க்கவும் இல்லை. சோபாவுக்குப் பின்னால் பதுங்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த வயது போய்விட்டது. கணக்குக் கேட்க வந்திருக்கிறார்கள், கேட்கட்டும், என்று கதவைத் திறந்தேன்.

“அங்கிள், ஒடம்பு எப்படி இருக்கு?” என்றான் மெய்யப்பன்.

நான் கதவைப் பிடித்தபடி அவன் கையிலிருந்த பையைப் பார்த்தேன்.

“நேத்து நீங்க வரலன்னதும் எனக்கு பயமாயிருச்சு அங்கிள். எல்டர் ஓல்சனும் சொன்னாரு, பார்க்கிங்லாம் விசாரிச்ச மனுஷன், சும்மா வராம இருக்க மாட்டாருன்னு. அந்தப் பிரீசர் புடிச்சதுல ஒங்களுக்கு முதுகு புடிச்சிருச்சா? நாங்க ஒங்கள புடிக்க விட்டிருக்கவே கூடாது. எங்க தப்பு.”

கடைப்பைக்குள் இரண்டு ரின் தக்காளி சூப், பரசிட்டமோல், முதுகுக்குப் பூசுகிற களிம்பு, நான்கு தோடம்பழம். நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அது உண்மையைச் சொல்வது. அதைச் செய்யத்தான் வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. என்னுடைய இருமல், நானே செய்தது. செய்துகொண்டிருக்கும்போதே என் வலது கை தானாக முதுகைப் பிடித்தது. முதுகுப் பிடிப்புக்கு ஏன் இருமுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. குசினி வாசலில் வாணி அகப்பையோடு நின்று என்னையே பார்த்தாள்.

“காலைல அம்மாகிட்ட சொல்லிட்டேன் அங்கிள்,” என்றான் மெய்யப்பன். “ஒருத்தர் வர்றதாவே இருந்தாரு, ஒடம்பு சரியில்லாம போச்சுன்னு. அப்பாகூடத் தேடுறத விட்டுட்டு முன்னால வந்து, அவரு எப்படி இருக்காருன்னு கேட்டாரு.”

என் பொய் கிள்ளானுக்குப் போய், ஒரு தகப்பனைக் கமெராவுக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அப்படி ஒரு வெட்கம் வந்ததில்லை.

உங்களுக்காகச் செபிக்கலாமா என்று கேட்டார்கள். முடியாது என்று தமிழில் சொல்லத் தெரியாதவன் என்ன செய்வான்? நான் கதிரையில் இருக்க, அவர்கள் எனக்கு முன்னால் கம்பளத்தில் முழங்காலில் நின்றார்கள். மெய்யப்பன் கண்ணை மூடிக்கொண்டு, “ஆண்டவரே, அங்கிள் முதுக சரி பண்ணுங்க. அவரு வரணும்னுதான் ஆசப்பட்டாரு. ஒடம்பு விடல,” என்றான். நல்ல தேகசுகத்தோடு ஒருவன் இவ்வளவு அவஸ்தைப்பட்டதை லண்டன் மாநகரம் கண்டிருக்காது.

வாசலில் விடைபெறும்போது மெய்யப்பன் திரும்பினான். “புதன்கெழம நான் போயிடுவேன் அங்கிள். புது எல்டர் வருவாரு. ஒடம்பு நல்லானா அடுத்த ஞாயிறு போவீங்க இல்ல?”

இப்போதாவது சொல்லு என்று வாணியின் கண் என் பிடரியைக் குத்தியது. என் வாய் என்னைக் கேட்கவில்லை.

“ஓம் தம்பி. கட்டாயம்.”

போனேனா என்று கேட்கிறீர்களா? அந்த ஞாயிறு மழை.

முகத்தைச் சுளிக்கிறீர்கள். தெரிகிறது. மூப்பர் இனத்தைச் சொல்கிறேன் என்று தொடங்கி வேறொரு இனத்தைக் காட்டிவிட்டேன், அதை உங்களுக்குப் பிடிக்கவில்லை. நண்பரின் மகள் அரங்கேற்றத்துக்கு, ஊர்ச் சங்கத்தின் கூட்டத்துக்கு, ஆஸ்பத்திரியில் கிடக்கிற யாரோ ஒருவரைப் பார்க்க, ‘கட்டாயம்’ என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்த பழக்கம் உங்களுக்கு இல்லவேயில்லை. மெத்தச் சந்தோஷம். உங்களைப் போன்ற ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் பெரிய அலுமாரியை மேல்மாடிக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. மூப்பர்களைக் கூப்பிட எனக்கு இனி முகமில்லை. வருகிற சனிக்கிழமை, காலை பத்து மணி. வருவீர்கள்தானே?

பார்த்தீர்களா, தலையாட்டிவிட்டீர்கள்.